ஒரு ‘ரன்’, 645 பொருள்கள்

ஆங்கிலத்தில் மிக அதிகமான பொருள்கள் கொண்ட சொல் எது என்று கேட்டால், வாயில் நுழையாத நீளமான ஏதோ ஒன்றைத்தான் பலரும் யோசிப்பார்கள். விடை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த ‘ரன்’. மூன்றே எழுத்து. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 2011-இல் இந்தச் சொல்லின் பதிவைத் திருத்தி முடித்தபோது, வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் தேறின. பெயர்ச்சொல்லாக வரும் ‘ரன்’ அந்தக் கணக்கில் சேராது. இந்த ஒரே சொல்லைக் கையிலெடுத்த அகராதியாசிரியர் பீட்டர் கில்லிவருக்கு வேலை முடிய ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆனது.

இணையத்தில் இது ஒரு பொது அறிவுத் துணுக்காகச் சுற்றிவருகிறது. ஆச்சரியப்பட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். ஆனால், ஆங்கிலம் கற்கும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இந்த எண் வேறு மாதிரித் தெரியும். ‘ரன் என்றால் ஓடு’ என்று பத்து முறை எழுதி மனப்பாடம் செய்த பிள்ளை, பிறகு செய்தித்தாளில் அதே சொல் கம்பெனியோடும் காய்ச்சலோடும் தேர்தலோடும் வருவதைப் பார்த்துத் திகைக்கிறது. இன்னும் 644 பாக்கி என்றால் யாருக்குத்தான் தைரியம் வரும்? அந்த எண்ணை அப்படிப் பார்க்கத் தேவையில்லை. அது எப்படி வந்தது என்று தெரிந்தால் பயம் பாதி குறைந்துவிடும்.

முதலில் எண்ணிய விதம். ஆக்ஸ்போர்டு அகராதியின் முதல் பதிப்பில் ஏறத்தாழப் பாதியை உருவாக்கியவர் ஜேம்ஸ் மர்ரே. ஆக்ஸ்போர்டில் தன் வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை ஒன்றைப் போட்டு, உள்ளே சுவரெல்லாம் மாடமாடமாகப் பலகைத் தடுப்பு வைத்துக்கொண்டு வேலை செய்தார். தன்னார்வலர்கள் நூல்களைப் படித்து, ஒரு சொல் இடம்பெறும் வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். சீட்டுகள் சொல்வாரியாக அந்த மாடங்களுக்குள் போகும். முதல் பகுதி 1884-இல் வந்தது. அகராதி முழுமையடைந்தது 1928-இல். மர்ரே 1915-இலேயே இறந்துவிட்டார். அந்த முதல் பதிப்பில் இருக்கும் மேற்கோள்கள் மட்டும் 18 லட்சத்துக்கும் மேல்.

இந்த முறையில் ‘பொருள்’ என்பது யாரோ முன்கூட்டி வகுத்து வைத்தது அல்ல. சீட்டுகளை மேசைமேல் பரப்பி, இது இதோடு சேரும், இது சேராது என்று ஆசிரியர் பிரிக்கும் குவியல்தான் பொருள். ஆறு ஓடுவதும் குழாயில் தண்ணீர் வருவதும் ஒரே குவியலா, இரண்டா? மூக்கு ஒழுகுவதற்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’தான், அதை ஆற்றோடு சேர்க்கலாமா? ஆற்றில் ஓடுவது ஆறேதான். மூக்கோ ஓடுவதில்லை, மூக்கிலிருந்து நீர்தான் ஓடுகிறது. எழுவாய் மாறிவிட்டது, ஆகவே தனிக் குவியல் என்று ஓர் ஆசிரியர் சொல்வார். மாணவர்களுக்கான சிறிய அகராதி போடுபவர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டுப் போவார். இருவருமே சரிதான். 645 என்பது உலகின் மிகப் பெரிய ஆங்கில அகராதி மிக நுணுக்கமாகப் பிரித்ததில் கிடைத்த எண். வேறு அகராதியில் அதே சொல் சில பத்துப் பொருள்களில் அடங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் முதலிடம் ‘செட்’ என்ற சொல்லுக்கு: 430 பொருள்கள், ஏறத்தாழ 60,000 சொற்கள் நீளமுள்ள பதிவு. மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலையை ‘எம்’ எழுத்திலிருந்து தொடங்கினார்கள். அதனால் ‘மேக்’ முதலிடத்துக்கு வந்தது, பிறகு ‘புட்’, அப்புறம் ‘ரன்’. ஒவ்வொரு சொல்லும் திருத்தப்படும்போது புதிய சான்றுகள் சேர்ந்து பதிவு வீங்குகிறது. ‘ரன்’ முடிசூடிய 2011-இல் ‘செட்’டின் முறை வந்திருக்கவில்லை. ஆக இந்தப் போட்டி முற்றிலும் சமமான போட்டி என்று சொல்ல முடியாது.

சரி, எண்ணிக்கை கிடக்கட்டும். ஒரே சொல் ஏன் இத்தனை இடங்களுக்குப் போகிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அதற்கு ஆங்கிலத்தின் ஆயிரம் ஆண்டுப் பழமைக்குப் போக வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் இந்த இடத்தில் ஒன்றல்ல, இரண்டு வினைகள் இருந்தன. ஒன்று ‘ரின்னன்’ அல்லது ‘இர்னன்’. தமிழில் தசை சதையாவது போல எழுத்து முன்பின்னாக மாறி இரண்டு வடிவிலும் வழங்கியது. அதற்குப் பொருள் ஓடு, வழிந்தோடு, பாய். இன்னொன்று ‘ஏர்னன்’. குதிரையை ஓட்டு, விரைந்து செலுத்து என்பது போன்ற பொருள். முன்னது தானே செய்வது, பின்னது பிறிதொன்றைச் செய்விப்பது. தமிழ் படிப்பவருக்கு இது உடனே பிடிபடும்: நம்முடைய ஓடு–ஓட்டு. ஆடு–ஆட்டு, இயங்கு–இயக்கு, திருந்து–திருத்து என்று தன்வினையையும் பிறவினையையும் தமிழ் வடிவத்திலேயே பிரித்து வைத்திருக்கிறது. ஜெர்மன் மொழியில் இன்றும் ‘ரின்னன்’ என்றால் நீர் ஒழுகுவது, ‘ரென்னன்’ என்றால் ஓடுவது என்று இரண்டு தனித்தனி வினைகள் உண்டு. ஆங்கிலத்தில் காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே ‘ரன்’ ஆகிவிட்டன.

அந்தக் கலப்பில்தான் இந்தச் சொல்லுக்குக் கதவு திறந்தது என்று நினைக்கிறேன். ஓடுவதும் ரன், ஓட்டுவதும் ரன். குதிரை ரன், குதிரையைப் பந்தயத்தில் விடுவதும் ரன். இயந்திரம் ரன், இயந்திரத்தை இயக்குவதும் ரன். கடை நன்றாக நடந்தால் அதுவும் ரன், அந்தக் கடையை ஒருவர் நடத்தினால் அதுவும் ரன். தமிழில் ஓடும் ஓட்டும், நடக்கும் நடத்தும், இயங்கும் இயக்கும் பங்கு போட்டுக்கொள்ளும் வேலையை ஒரே சொல் தலையில் சுமக்கிறது. பொருள்களின் எண்ணிக்கை இங்கேயே இரட்டிக்கத் தொடங்குகிறது. உட்கார் என்ற ‘சிட்’டிலிருந்து வந்த ‘உட்கார வை’தான் ‘செட்’டின் ஆதிப் பொருள். அந்த ஜோடி இன்றும் பிரிந்தே இருக்கிறது. ‘ரன்’ விஷயத்தில் பிரிவு அழிந்துவிட்டது.

மூலப் பொருளில் ஓட்டத்தோடு ஒழுக்கும் இருந்ததை மறக்கக் கூடாது. கால்களால் ஓடுவதுதான் முதல் பொருள், தண்ணீர் ஓடுவது அதிலிருந்து பிறந்த உருவகம் என்று நாமே ஊகித்துக்கொள்கிறோம். ஆனால் மிகப் பழைய நிலையிலேயே நீரும் காலும் சேர்ந்துதான் இருக்கின்றன. அதனால்தான் துணி துவைக்கும்போது சாயம் போவது ரன், வெண்ணெய் உருகி வழிவது ரன், கண்மை கலைந்து வழிவது ரன். தமிழில் இவை ஒவ்வொன்றுக்கும் தனி வினை: சாயம் போகும், வெண்ணெய் உருகும், மூக்கு ஒழுகும். ஓடுவதில்லை.

அதே சமயம், நம் ‘ஓடு’வும் லேசுப்பட்ட சொல் இல்லை. கடிகாரம் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, வண்டி ஓடுகிறது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு முதல் ரயில் புறப்பட்டபோது அதற்கென்று புது வினை தேவைப்படவில்லை; ரயிலும் ஓடியது. படம் நூறு நாள் ஓடுகிறது. நாடகம் தொடர்ந்து நடப்பதற்கு ஆங்கிலத்திலும் ரன்தான். குடும்பம் எப்படியோ ஓடுகிறது. ஜாதகத்தில் குரு திசை ஓடுகிறது. இதற்கு ஆங்கிலேயர் என்ன செய்வார்கள் என்று தெரியாது! கவலையில் இருப்பவருக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறவினைப் பக்கம் வந்தால் ஏர் ஓட்டுகிறோம், மாடு ஓட்டுகிறோம், ஓய்வூதியத்தில் காலத்தை ஓட்டுகிறோம், நண்பனைக் கிண்டல் செய்து ஓட்டுகிறோம். மின்னோட்டம், இரத்த ஓட்டம், எண்ண ஓட்டம், கண்ணோட்டம் என்று பெயர்ச்சொல்லாகவும் பெருகிக்கிடக்கிறது. புதுத் தேரை முதன்முதலாக இழுத்துப் பார்ப்பதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். மெட்ரோ ரயிலின் ‘ட்ரையல் ரன்’னுக்கும் செய்தித்தாள்கள் சில நேரம் அதே சொல்லை எடுத்தாள்வதைப் பார்க்க நிறைவாக இருக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். கூரையில் வேயும் ஓடு, ஆமையின் ஓடு, ‘அவனோடு’ என்பதில் வரும் ஓடு ஆகியவை ஓடுவதிலிருந்து வந்தவை அல்ல. ஒலி ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். வாக்குச்சீட்டில் போடும் ஓட்டு ஆங்கிலத்திலிருந்து வந்தது. வண்டி ஓட்டுவதோடு அதற்கு எந்த உறவும் இல்லை. ஒரே வேரிலிருந்து கிளைத்த பல பொருள் வேறு, வேறு வேறு வேர்கள் ஒரே உச்சரிப்பில் மோதிக்கொள்வது வேறு. ‘செட்’டில் இந்த இரண்டும் உண்டு. வை என்ற வினையும், கூட்டம் என்ற பொருளில் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த பெயர்ச்சொல்லும் அதில் கலந்து நிற்கின்றன. ‘ரன்’ அப்படியில்லை, அதன் இரண்டு வினைகளும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒரே வேரிலிருந்து இத்தனை கிளை என்பதுதான் அதன் சிறப்பு.

கிளைகள் வேகமாகப் பெருகியது இயந்திர யுகத்தில். தறி, நீராவி இயந்திரம், ரயில், அச்சு இயந்திரம் எல்லாமே ரன். பத்திரிகையில் ஒரு செய்தியை வெளியிடுவதும் ரன், ஒரே முறையில் அச்சிடும் பிரதிகளின் தொகையும் ரன். ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் வரும் சரக்கைக் குறித்த ‘ரன் ஆஃப் த மில்’ இன்று ‘சாதாரணமான, தனிச்சிறப்பில்லாத’ என்ற பொருளில் வழங்குகிறது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. நம்மூர்க் கல்லூரி ஆய்வகங்களில் ஒரு தலைமுறையே டர்போ சி-யில் கன்ட்ரோலையும் எஃப் 9-ஐயும் சேர்த்து அழுத்தி ‘ப்ரோக்ராம் ரன் ஆகுதா’ என்று பார்த்துத்தான் படித்து வெளியே வந்தது. அங்கே ‘ஓடுகிறதா’ என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று இயல்பாகப் பொருந்தின.

பொருந்தாத இடங்கள்தான் பாடம். தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ செய்கிறார். பிரிட்டனில் அதே வேட்பாளர் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார், அதாவது நிற்கிறார். தமிழில் நாமும் தேர்தலில் நிற்கிறோம், யாரும் ஓடுவதில்லை. அமெரிக்கப் பேச்சில் குதிரைப் பந்தயத்தின் வாடை நிறைய உண்டு. துணை அதிபர் வேட்பாளரை ‘ரன்னிங் மேட்’ என்கிறார்களே, அது ஒரே லாயத்தைச் சேர்ந்த குதிரைக்கு வேகம் கூட்டித்தர உடன் ஓடவிடப்படும் குதிரைக்கு இருந்த பெயர்.

வங்கியில் போட்ட பணத்தை எல்லாரும் ஒரே நேரத்தில் எடுக்கப் பாய்வதும் ரன்தான். 2007-இல் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் மக்கள் வரிசையில் நின்ற படங்கள் உலகெங்கும் வந்தன. 2023 மார்ச் 9-ஆம் தேதி அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது. இந்த முறை பெரும்பாலும் எல்லாம் கணினியிலும் கைபேசியிலும் நடந்தது. யாரும் எங்கும் ஓடவில்லை, பெயர் மட்டும் ரன்.

கிரிக்கெட்டிலும் இதே கதை. தொடக்க காலத்தில் எடுத்த ஓட்டங்களை ஒரு குச்சியில் கத்தியால் வெட்டிக் குறித்தார்கள், அதனால் ரன்னுக்கு ‘நாட்ச்’ என்று பெயர் இருந்தது. அந்த வெட்டுக்குறியின் இடத்தை ‘ரன்’ பிடித்துக்கொண்டது. அதன் பிறகு எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்துக்கு ஓடாமலே நான்கு ரன், ஆறு ரன். ஆக ரன் என்பது வெறும் எண் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் நாம் அதை அந்த எண்ணாகத்தான் கடன் வாங்கினோம். ‘ரெண்டு ரன் ஓடினாங்க’ என்று கூசாமல் சொல்கிறோம். நம் காதில் ரன்னுக்குள் ஓட்டம் இல்லை, அதனால் ஓடுவதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் வேறு வழியில் போயின. அங்கே வீரர் ‘50 ஓட்டங்களைப் பெற்றார்’. யாழ்ப்பாணத்து வாசகருக்கு அது அன்றாடச் சொல். நம் ஊரில் ‘ஓட்டங்கள்’ என்று எழுதினால் செயற்கை என்பார்கள். பழக்கம்தான் காரணம், வேறொன்றும் இல்லை.

இதுவரை சொன்னதில் பொருள் தவறினாலும் பெரிய நஷ்டம் இல்லை. நீதிமன்றத்துக்குப் போனால் நிலைமை வேறு. ஒருவர் மீது இரண்டு குற்றங்கள் நிரூபணமாகி, ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டு சிறை என்று வைத்துக்கொள்வோம். தண்டனைகள் ‘ரன்’ ஆகும் விதத்தைத் தீர்ப்பில் சொல்வார்கள். ஒன்றாக ஓடினால் மூன்று ஆண்டில் வெளியே வரலாம். ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால் ஆறு ஆண்டு. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, ஒரே வழக்கு விசாரணையில் பல குற்றங்களுக்குத் தண்டனை விதிக்கும்போது, ஒன்றாக ஓட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லாவிட்டால் ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் என்று வைத்திருந்தது. நம் செய்தித்தாள்கள் இதை ‘தண்டனையை ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்று எழுதுகின்றன. நல்ல தமிழாக்கம். ஆங்கிலத்தில் ஓடுவது தண்டனை. தமிழில் அனுபவிப்பவர் மனிதர். சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் ‘தண்டனைகள் ஒன்றாக ஓடும்’ என்று வந்திருக்கும், கைதியின் வீட்டாருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

அதே போல, 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, காலம் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் பிறகு ஏற்படும் இயலாமை எதுவும் அதை நிறுத்தாது என்கிறது. கடன் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘பார்த்துக்கலாம்’ என்றிருந்து வழக்குப் போடும் உரிமையை இழந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இந்த ஓட்டத்தின் அர்த்தம் தாமதமாகத்தான் தெரிகிறது.

ஆங்கிலம் கற்பவரை உண்மையில் தடுக்கி விழ வைப்பவை இந்தப் பெரிய பொருள்கள் அல்ல. பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொற்கள்தான். ‘ரன் இன்டூ’ என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது. என் ஆசிரியரை நேற்று ரன் இன்டூ செய்தேன் என்றால் வழியில் பார்த்தேன் என்று பொருள். சுவரை ரன் இன்டூ செய்தேன் என்றால் மோதிவிட்டேன். ‘ரன் ஓவர்’ என்று ஆசிரியரைப் பற்றிச் சொல்லிவிட்டால் போலீஸ் வரும், வண்டியை மேலே ஏற்றிவிட்டதாக அர்த்தம். ஆனால் கூட்டம் ரன் ஓவர் ஆனது என்றால், குறித்த நேரத்தைத் தாண்டிப் போனது, அவ்வளவுதான். ‘ரன் அவுட்’ இன்னும் விசித்திரம்: பால் தீர்ந்துபோனால் ரன் அவுட், பாஸ்போர்ட் காலாவதியானால் ரன் அவுட், வீட்டைவிட்டு வெளியே ஓடினால் ரன் அவுட், ஸ்டம்பைப் பந்து தட்டும்போது ஆட்டக்காரர் கோட்டுக்கு வெளியே இருந்தாலும் ரன் அவுட். ‘ரன் டவுன்’ ஆனது பேட்டரி என்றால் சார்ஜ் இறங்கிவிட்டது, மனிதர் என்றால் உடல் சோர்ந்துபோனார். ஒருவரை இன்னொருவர் ரன் டவுன் செய்தால் மட்டம் தட்டுகிறார், அல்லது வண்டியால் இடித்துத் தள்ளுகிறார். ‘ரன் அப்’போடு கடன் வந்தால் ஏறிக்கொண்டே போகிறது, கொடி வந்தால் கம்பத்தில் ஏறுகிறது, சட்டை வந்தால் அவசரமாகத் தைத்து முடிக்கிறோம்.

இவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தேர்வுக்கு முதல் நாள் இரவு நாற்பது சொற்றொடர்களை விழுங்கும் மாணவிக்கு மறுவாரம் எதுவும் தங்குவதில்லை. பாலோடு ரன் அவுட், பேட்டரியோடு ரன் டவுன், கடனோடு ரன் அப் என்று சொல்லை அதன் சேர்க்கையோடு, முழு வாக்கியமாகக் கேட்டுப் பழகினால் தங்கும். நாம் தமிழ் கற்றது அப்படித்தான். ‘காய்ச்சல் அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, மணி அடிக்கிறது, அதிர்ஷ்டம் அடிக்கிறது’ என்பதில் உள்ள ‘அடி’க்கு யாரும் நமக்குப் பட்டியல் கொடுக்கவில்லை.

இதைத் தொல்காப்பியர் நேராகவே சொல்லியிருக்கிறார் என்பது வியப்பூட்டுகிறது. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயலில் பல பொருள் ஒரு சொல்லை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று வினையால் வேறுபடுவது. அது ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்’ தெளிவாகும் என்கிறார். உரையாசிரியர்கள் ‘மா’ என்ற சொல்லை வைத்து விளக்குவார்கள். மா என்றால் மாமரம், விலங்கு, குதிரை என்று பல பொருள். ‘மா பூத்தது’ என்றால் வினையே மரம் என்று காட்டிவிடுகிறது. மாவும் மருதும் ஓங்கின என்றால் பக்கத்தில் நிற்கும் மருத மரம் இனத்தால் காட்டுகிறது. கவசம் பூண்டு நிற்கும் வீரன் ‘மா கொண்டுவா’ என்றால் சூழ்நிலை குதிரை என்று காட்டுகிறது. ‘மா வீழ்ந்தது’ என்றாலோ மரமா விலங்கா தெரியாது. அது இரண்டாவது வகை. அங்கே மாமரம் என்று விளக்கியே சொல்லிவிட வேண்டும்.

இதை ‘ரன்’மேல் வைத்துப் பாருங்கள். மூக்கு, கடிகாரம், கம்பெனி, செய்தி என்று அதனோடு வருவது மாறும்போது பொருள் தானாகத் தெளிகிறது. தொல்காப்பியர் பெயர்ச்சொல்லுக்கு வினையைத் துணையாகக் காட்டினார், இங்கே வினைக்குப் பெயர்ச்சொல் துணை. தலைகீழ்தான், ஆனால் வேலை ஒன்று. ‘ரன்னிங், ஜம்பிங்’ என்று பக்கத்தில் குதித்தல் நின்றால் கால் ஓட்டம் என்று இனம் சொல்கிறது. மைதானத்தில் நடுவர் விரலை உயர்த்தினால் ரன் அவுட் என்பதற்குப் பால் தீர்ந்தது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, சார்பு சொல்லிவிட்டது.

அமெரிக்க விஞ்ஞானி வாரன் வீவர், 1949-இல் இயந்திர மொழிபெயர்ப்பு குறித்து எழுதிய குறிப்பில் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். ஒரு சொல் அளவுக்கு மட்டும் ஓட்டை போட்ட அட்டையைப் புத்தகத்தின் மேல் வைத்துப் படித்தால் சொல்லின் பொருளைக் கண்டுபிடிக்க முடியாது; ஓட்டையை இருபுறமும் அகலப்படுத்திப் பக்கத்துச் சொற்களும் தெரிந்தால் பொருள் தெரிந்துவிடும் என்பது அவர் வாதம். எவ்வளவு அகலம் போதும் என்பதுதான் கேள்வி. இன்றைய மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் வாக்கியத்தைத் தாண்டிப் பத்தியையே பார்க்கின்றன; அதனால்தான் பத்தாண்டுக்கு முன் ‘மூக்கு ஓடுகிறது’ என்ற பாணியில் உளறியவை இன்று ‘மூக்கு ஒழுகுகிறது’ என்று சரியாகச் சொல்கின்றன. சார்பு என்று ஒரே சொல்லில் நம் இலக்கணம் குறித்து வைத்ததைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கப் பல பத்தாண்டுகள் பிடித்திருக்கின்றன.

கடைசியாக, நம் தெருவுக்கு வந்துவிட்ட ரன். ஒரு மொழி இன்னொன்றிடம் கடன் வாங்கும்போது எல்லாப் பொருளையும் வாங்குவதில்லை. 645-இல் நாம் எடுத்துக்கொண்டது கைவிரல் அளவுதான். கிரிக்கெட் ரன்னும் ப்ரோக்ராம் ரன்னும் போக, நம்மிடம் புழங்குவது பெரும்பாலும் ‘ரன்னிங்’. பள்ளி விளையாட்டு விழாவில் ‘ரன்னிங் ரேஸ்’. பஸ் ரன்னிங்கில் இருக்கும்போது ஏறாதே என்று கண்டக்டர் திட்டுகிறார். பழைய பைக்கை விற்பவர் ‘நல்ல ரன்னிங் கண்டிஷன்’ என்கிறார். வண்டி பார்க்க எப்படி இருந்தாலும் ஸ்டார்ட் ஆகும், ஓடும் என்பதற்கு உத்தரவாதம் அது. கல்லூரியில் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதுவது ‘ரன்னிங் நோட்ஸ்’. கட்டட வேலையில் பணி முடியுமுன்னே அதுவரை ஆன வேலைக்குப் போடும் பட்டியல் ‘ரன்னிங் பில்’.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ரன்னிங் ஃபுட்’. சமையல் மேடைக்குக் கிரானைட் போடுபவரும், கம்பி வேலி அடிப்பவரும், தச்சரும் தினமும் புழங்கும் அளவு இது. அகலம் கணக்கில் வராது. நீளவாக்கில் ஓடும் அடி மட்டும்தான். பத்தடி நீளம், இரண்டடி அகலம் உள்ள மேடை என்றால் ரன்னிங் ஃபுட்டில் 10, சதுர அடியில் 20. வீடு கட்டுபவர்கள் விலை பேசும்போது ‘அடிக்கு இவ்வளவு’ என்று சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். ரன்னிங் ஃபுட்டா, ஸ்கொயர் ஃபுட்டா என்று கேட்டுவிட்டு, பதிலைப் பட்டியலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.